வாயாடியின் மிச்ச ஆயுசு

ரேடியோக்கா நான்கு வருடமாக ஒரு ஆளைச் சாகவிடாமல் காப்பாற்றி வந்தாள். அந்த ஆள் ஒரு நாவலில் வருகிற படகோட்டி. அவனைப் படைத்த எழுத்தாளர் இரண்டாம் பாகத்தின் நடுவிலேயே அவனை வெள்ளத்தில் தள்ளிக் கொன்றுவிட்டார். ரேடியோக்காவுக்கு அதில் சம்மதமில்லை.

ரேடியோக்கா என்பது இஸ்திரிக் கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர். கடையை அவளும் கணவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். உள்ளே ஒரு நீள மேஜை, சுவரோரம் ஒரு கம்பி, கம்பி முழுக்க ஹேங்கர்கள். உடனே உடுத்தப்போகிற சட்டை ஹேங்கரில் தொங்க வேண்டும், பீரோவுக்குள் போகிற சட்டையை மடித்து அடுக்க வேண்டும். துணியை வாங்கும்போதே "தொங்கலா, மடிப்பா?" என்று கேட்டுவிடுவாள். மதியம் கூட்டம் ஓய்ந்ததும் கணவர் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, "ரேடியோவைப் போடு" என்பார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நாவலை எடுத்துச் சத்தமாகப் படிப்பாள். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. கடையில் இரண்டு கைக்கும் வேலை இருந்தது. வீட்டுக்குப் போனால் அச்செழுத்தைக் கண்டதுமே கண் சொக்கிவிடும். அதனால் அவருக்குப் படிப்பெல்லாம் காது வழியாகத்தான்.

எத்தனையோ நாவல் படித்தார்கள். ஆனால் படகுத்துறை நாவல் வந்த பிறகு மற்றதெல்லாம் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் படகு விடுகிற ஒரு குடும்பம், மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு ஊர் வைத்த பெயர் வாயாடி. அக்கரைக்குப் போவதற்குள் பயணிகள் எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிடுவான். கூலி குறைத்துக் கொடுத்தவரிடம், "பாதி ஆத்துல இறக்கிவிடவா?" என்று கேட்பான். கணவர் தேய்த்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிப்பார். "யாரோ என் தம்பி பக்கத்துல உக்காந்து எழுதியிருக்காங்க" என்பார்.

அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அவனுக்கும் வாய் சும்மா இருக்காது. கடைக்கு வந்தால் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, வாடிக்கையாளர்களின் சட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கட்டுவான். ஒரு நாள் மதியம் போன் வந்தது. புயலில் கப்பலிலிருந்து மூன்று பேர் கடலில் விழுந்துவிட்டார்கள், தேடியும் கிடைக்கவில்லை, அவர்களில் ஒருவன் தம்பி. கணவர் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றார். இஸ்திரிப் பெட்டியும் நின்றது. சட்டை கருகிப் புகை வந்த பிறகுதான் ரேடியோக்கா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். மேஜை விரிப்பில் அந்தப் பெட்டியின் அச்சு இன்னும் பழுப்பாக இருக்கிறது.

கடையை மறுபடி திறந்த அன்று மதியம், அவர் வழக்கம்போலப் பெட்டியைச் சூடாக்கினார். "ரேடியோவைப் போடு. வாயாடி என்ன பண்றான்னு பாப்போம். அவனாவது நல்லா இருக்கட்டும்" என்றார்.

அவள் விட்ட இடத்தில் புத்தகத்தைத் திறந்தாள். வாய் ஒரு வரியைப் படிக்கும்போது கண் நாலு வரி முன்னால் ஓடுவது அவள் பழக்கம். கண் போய் முட்டிய இடத்தில் வெள்ளம் வந்தது, படகு அடித்துக்கொண்டு போனது, வாயாடி போனான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் காலரை நீவிக்கொண்டு, சிரிக்கத் தயாராக நின்றிருந்தார். பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"நீந்திக் கரையேறினான்" என்று படித்துவிட்டாள்.

ஒரு வரிதானே என்று அப்போது நினைத்தாள். செத்தவனை ஒரு தடவை கரையேற்றுவது சுலபம், அதற்கப்புறம் தினமும் அவனுக்கு வேலை கொடுக்க வேண்டுமே. அவனுக்காக மற்றவர்கள் அழுகிற பக்கங்களையெல்லாம் தாண்டினாள். அண்ணன் கல்யாணத்தில் அவனை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தண்ணீர் எடுக்க அனுப்பினாள். தாய் படகுகளைப் பங்கு பிரித்தபோது, "எனக்கு எதுவும் வேணாம்" என்று சொல்ல வைத்தாள். மூன்றாம் பாகம் முழுக்க அவன் கயிறு எடுக்கப் போனான், விறகு எடுக்கப் போனான், போன இடத்திலிருந்து சத்தமில்லாமல் திரும்பி வந்தான். ஒரு தடவை ஒரு வாடிக்கையாளர் புத்தக அட்டையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, இதுல அந்த வாயாடி..." என்று ஆரம்பித்தார். ரேடியோக்கா கையிலிருந்த ஹேங்கர் கட்டு முழுவதையும் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவர் சொல்ல வந்ததை மறந்துவிட்டார்.

வீட்டு நிலவரம் இதற்குத் தோதாகத்தான் இருந்தது. மாமியார் நாலு தெரு தள்ளித் தனியாக இருந்தார். தம்பியின் சட்டை இரண்டை மாதம் தவறாமல் துவைத்து, தேய்ப்பதற்குக் கடைக்குக் கொடுத்தனுப்புவார். "வந்தா போட்டுக்கணும்ல. தொங்கலாவே குடு" என்பார். கணவர் பேசாமல் வாங்கித் தேய்ப்பார், ஹேங்கரில் மாட்டித் திருப்பிக் கொடுப்பார். அவன் செத்துவிட்டான் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் இதுவரை வாய் திறந்து சொன்னதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் நாலாம் பாகம் வந்தது. பெரிய தெருப் புத்தகக் கடையின் மாடியில் வெளியீடு, எழுத்தாளரே வருகிறார் என்று கடை வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். கணவர் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நான் போகணும். அவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கப் போறீங்க?"

"அவங்ககிட்டதான் கேப்பேன். வாயாடி விஷயம்."

ரேடியோக்கா அவரைத் தடுக்கப் பார்த்தாள். அன்று துணி நிறைய இருக்கிறது என்றாள். முந்தின நாளே முடித்துவிடலாம் என்றார். கூட்டமாக இருக்கும், மூச்சு முட்டும் என்றாள். ஜன்னல் பக்கம் உட்காரலாம் என்றார். எதற்கும் அடம்பிடிக்காத மனுஷன் அன்று ஒற்றைக்காலில் நின்றார். சரி, மனுஷனை நிறுத்த முடியாது, எழுத்தாளர் அம்மாவைத்தான் நிறுத்த வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். விஷயம் தெரிந்தால் அவருடைய தம்பி அவருக்கு இரண்டாம் தடவை சாவான். அதற்கு அவள் விடப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாற்காலிகள் பாதிகூட நிரம்பவில்லை. கணவர் கத்தி மடிப்புச் சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. நாவலின் மூன்று பாகங்களையும் கையெழுத்து வாங்கக் கொண்டு வந்திருந்தார். "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ரேடியோக்கா பின்பக்க நடைவழியில் நடந்தாள். கடைசி அறை வாசலில், சட்டையில் பெயர் அட்டை குத்திய ஒருவர் நின்று வழியை மறித்தார்.

"யாரும்மா நீங்க?"

"இஸ்திரிக் கடை. அம்மாவோட சால்வை கசங்கியிருக்காம்."

இஸ்திரிக் கடை என்பது உண்மை. மிச்சத்தைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவர் அவள் கையைப் பார்த்தார், பெட்டி எங்கே என்று கேட்கத் தோன்றாமல் வழி விட்டார்.

உள்ளே எழுத்தாளர் ஒரு புத்தகக் கட்டின் மேல் காலை நீட்டி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். நரைத்த தலை, குட்டை முடி, எதிராளியை எடைபோடுகிற கண்.

"நான் இஸ்திரிக்கு யாரையும் கூப்பிடலையே."

"தெரியும்மா. உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னேன். ரெண்டே நிமிஷம்."

மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி, போன், கருகிய சட்டை, நீந்திக் கரையேறிய வாயாடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டாள். "அவர் வந்து கேட்டா, வாயாடி நல்லா இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

பிஸ்கட் பாதி கரைந்து தேநீருக்குள் விழுந்தது. எழுத்தாளர் அதைக் கவனிக்கவில்லை.

"மூணாம் பாகம் முழுக்கவா உயிரோட வச்சிருக்கீங்க?"

"ஆமா."

"பங்கு பிரிக்கிற இடத்துல என்ன பண்ணீங்க?"

"எதுவும் வேணாம்னு சொல்லிட்டான்."

"வாயாடியா?" எழுத்தாளருக்கு மெய்யாகவே கோபம் வந்தது. "அவன் அந்த ஓட்டைப் படகுக்குக்கூட ஊரைக் கூட்டி நியாயம் கேப்பானே."

"கேப்பான். ஆனா கேட்டா மத்தவங்க பதில் சொல்லணுமேம்மா. அந்தப் பதிலுக்கெல்லாம் நான் எங்க போவேன்? அதான் வேணாம்னு சொல்ல வச்சேன்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று எழுத்தாளரின் முகத்துக்கே தெரியவில்லை. பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த வெள்ளத்தை எழுத எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆச்சு. அவன் செத்தது செத்ததுதான். பிழைச்சான்னு என் வாயால சொல்ல மாட்டேன். கேக்காததை நானாப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அவ்வளவுதான் முடியும்."

"மனசு வைங்கம்மா."

"நீங்க பிடிச்ச பிடியை விடமாட்டீங்க போல. நானும் விடமாட்டேன்."

பெயர் அட்டைக்காரர் தலையை நீட்டி, சால்வை ஆகிவிட்டதா என்று கேட்டார். ரேடியோக்கா வெளியே வந்தாள். தோற்றுவிட்டதாக அவள் நினைக்கவில்லை. கேட்டால்தானே பதில்? கேட்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத்தாளர் பேசி முடித்ததும், யாருக்கு என்ன கேட்க வேண்டுமோ கேட்கலாம் என்று மைக்கை நீட்டினார்கள். கணவர் கையைத் தூக்குவதற்குள் ரேடியோக்கா எழுந்து மைக்கை வாங்கிவிட்டாள். காலையில் எழுதுவீர்களா, சாயங்காலமா என்று கேட்டாள். பேனாவா, கம்ப்யூட்டரா என்று கேட்டாள். எழுதும்போது தேநீர் குடிப்பீர்களா, குடித்தால் சர்க்கரை உண்டா என்று கேட்டாள். எழுத்தாளர் முகத்தில் சிரிப்பில்லாமல் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். சர்க்கரைக்கு வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெயர் அட்டைக்காரர் வந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது, இனிக் கையெழுத்து மட்டும் என்றார்கள்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றார் கணவர்.

"ஆசையா இருந்துச்சு. வாங்க, பசிக்குது. வீட்டுக்குப் போலாம்."

"நீ வேணா போ. நான் வரிசையில நின்னு கேட்டுக்கறேன்."

அவரைத் தனியாக விட்டுவிட்டு அவள் போவாளா? வரிசையில் அவருக்கு முன்னால் போய் நின்றாள். அவர் தள்ளினால்தான் எழுத்தாளரின் மேஜைக்குப் போக முடியும் என்கிற மாதிரி நின்றாள். அவர் தள்ளவில்லை. முறை வந்ததும் மெதுவாக அவள் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு, துணிப்பையிலிருந்து புத்தகங்களை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"அம்மா, ஒரு குறை இருக்கு. கோவிச்சுக்கக் கூடாது."

எழுத்தாளரின் பார்வை ஒரு கணம் ரேடியோக்கா மேல் போய்த் திரும்பியது. "சொல்லுங்க."

"வாயாடியை ஏன் இப்படிப் பண்ணிட்டீங்க?"

எழுத்தாளர், "எப்படிப் பண்ணிட்டேன்?" என்று மட்டும் கேட்டார்.

"வெள்ளம் வர்ற வரைக்கும் அவன் ஒரு ஆளு. அதுக்கப்புறம் பாருங்க, தண்ணி எடுக்கப் போறான், கயிறு எடுக்கப் போறான். அண்ணன் கல்யாணத்துல ஒரு வார்த்தை பேசலை. பங்கு பிரிக்கிறப்ப எதுவும் வேணாங்கறான். அவனா அது? ஏதோ கூலிக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்." ஆரம்பித்ததை நிறுத்த முடியாமல் அவர் சொல்லிக்கொண்டே போனார். "எனக்கு ஒரு தம்பி. கடல்ல போயிட்டான், உடம்பு கிடைக்கலை. எங்க வீட்ல யாரும் போயிட்டான்னு சொல்றதில்லை. வருவான், வருவான்னே சொல்றோம். அப்படிச் சொல்லிச் சொல்லி, அவன் பேசின பேச்சே எனக்கு மறந்துபோச்சும்மா. நினைச்சுப் பாத்தா ஓரமா வாய மூடிக்கிட்டு நிக்கிறான். அவன் அப்படி நிக்கிறவனே இல்லை. உங்க வாயாடியும் அதே மாதிரி ஆயிட்டான். இன்னொரு பாகம் எழுதினா, அதுலயாவது அவனை அனுப்பி வச்சிருங்க. பேசிக்கிட்டே போகட்டும்."

எழுத்தாளர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க சொல்ற குறை நியாயமானதுதான்" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். கேட்காததைச் சொல்ல மாட்டேன் என்று சொன்னவர், சொன்னபடியே உட்கார்ந்திருந்தார்.

ரேடியோக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். நான்கு வருடமாக எந்த முகம் வாடக்கூடாது என்று பாடுபட்டாளோ, அந்த முகம் ஒரு சாவுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாக இருந்தது, தன் வாயாடியைக் கூலிக்காரன் என்று சொல்லிவிட்டாரே என்று கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவங்க எழுதினது இல்லைங்க. நான் சொன்னது."

"எது?"

"வெள்ளத்துக்கு அப்புறம் அவன் வர்ற இடம் எல்லாம். அவன் கரையேறலை. அந்த வெள்ளத்துலயே போயிட்டான். அன்னைக்கு உங்ககிட்ட அதைப் படிக்க எனக்கு வாய் வரலை."

அவர் அவளைப் பார்த்தார், மேஜை மேல் இருந்த இரண்டாம் பாகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் எழுத்தாளர் பக்கம் திரும்பினார்.

"பேசிக்கிட்டே போனானா?"

"கடைசி வரைக்கும்" என்றார் எழுத்தாளர். "இப்பவே படிச்சுக் காட்டட்டுமா?"

"வேணாம்மா" என்றாள் ரேடியோக்கா. "அது என் வேலை."

வீட்டுக்கு வந்ததும் அவர் துணிப்பையை ஆணியில் மாட்டினார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். மறுநாள் கடையில் துணி வாங்கினார், கொடுத்தார், தொங்கலா மடிப்பா என்று மட்டும் கேட்டார். மதியம் கூட்டம் ஓய்ந்தது. அவர் பெட்டியைச் சூடாக்கிக் கால்சட்டை ஒன்றை விரித்தார். ரேடியோவைப் போடு என்று சொல்லவில்லை.

சொல்லாவிட்டால் போகட்டும் என்று ரேடியோக்கா இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் போய் பிளக்கைப் பிடுங்கினாள். அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கி நிமிர்த்தி வைத்தாள்.

"இதுக்குக் கை சும்மா இருக்கணும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். நான்கு வருடத்துக்கு முன் விட்ட பக்கத்தை அவள் திறந்தாள். இந்த முறை கண்ணை முன்னால் ஓட விடவில்லை, வாய் போகிற வேகத்திலேயே போனாள். வெள்ளம் வந்தது. வாயாடி கரையில் கயிறு பிடித்திருந்த பெரியண்ணனைத் திட்டினான், முடிச்சுப் போடத் தெரியாதவனுக்கெல்லாம் எதற்குப் படகு என்றான். பயணிகளை ஒவ்வொருவராகக் கயிற்றில் ஏற்றிவிட்டு, போகிறவர் ஒவ்வொருவரிடமும் கூலி பாக்கியை ஞாபகப்படுத்தினான். கணவர் சிரித்துவிட்டார். கயிறு அறுந்தது. படகு திரும்பிப் பாய்ந்தபோதும் அவன் அண்ணனுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே போனான். அது என்னவென்று இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. அங்கே அத்தியாயம் முடிந்தது.

அவர் அழுதார். சத்தமாகவே அழுதார். சட்டை வாங்க வந்த ஒருத்தர் வாசலிலேயே தயங்கி நின்று, பிறகு வரலாம் என்று திரும்பிப் போனார். ரேடியோக்கா புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள்.

"அவனும் திட்டிக்கிட்டேதான் போயிருப்பான்" என்றார் அவர் கடைசியில். "கப்பல்காரன் ஒருத்தனையும் விட்டிருக்க மாட்டான்."

"விட்டிருக்க மாட்டான்" என்றாள்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போகணும். அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்க. அம்மாவுக்கும் படிச்சுக் காட்டு."

கம்பியின் கோடியில் தம்பியின் சட்டைகள் இரண்டும் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தன. இந்த மாதம் வந்தவை. அவர் அவற்றைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் விரித்தார். பொத்தான்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தார். பிறகு கவிழ்த்துப் போட்டு, சட்டைக் கைகளை உள்பக்கமாகத் திருப்பி, இரண்டையும் மடித்தார்.